குடிமராமத்து

ஏரி, கண்மாய், வாய்க்கால்களை அவற்றின் நீரில் பயிரிடும் ஊராரே உழைப்புத் தந்து பேணிய வழக்கம். கோடையில் தூர்வாருதல், கரைக்கு மண் அணைத்தல், மதகும் கலிங்கும் செப்பனிடுதல், மழைக்கு முன் வரத்துக்காலைத் திருத்துதல் ஆகியன இதில் அடங்கும். அள்ளிய வண்டல் வயலுக்கு எருவாயிற்று.

எடுத்துக்காட்டாக, செஞ்சி வட்டாரம் பாறைக்குன்றுகளில் வழியும் மழைநீரை ஏரிகளில் தேக்கி வாழ்ந்த பகுதி. அங்குள்ள தளவானூரில் சத்ருமல்லேசுவரம் குடைவரையை எடுப்பித்த முதலாம் மகேந்திரவர்மன் (7ஆம் நூற்றாண்டு), மகேந்திரவாடியில் தன் பெயரால் ஓர் ஏரியும் கண்டான். அதன் கரையை ஆண்டுதோறும் காத்தவர் யார் என்பதை அங்குள்ள குடைவரைக் கல்வெட்டு சொல்வதில்லை.

தெளிவான சான்று சோழர் காலத்தது. முதலாம் பராந்தகனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஊர்ச்சபையின் வாரியங்களை (குழுக்களை) விவரிக்கின்றன. ஏரி வாரியத்துக்கு அறுவர்; பதவிக்காலம் 360 நாள். வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். கால்வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, விவரமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். ஏரிப் பராமரிப்புக்கென விடப்பட்ட நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது. நீர் நிறைந்திருக்கும்போதே ஓடம் விட்டு வண்டல் அள்ளவும் அறக்கொடை எழுதிவைத்தவர்கள் உண்டு. தம் ஆயுளுக்குப் பின்னும் ஏரி மேடிடக் கூடாதென்று அவர்கள் எண்ணியிருக்கிறார்கள்.

செஞ்சி வட்டாரத்தில் பிற்கால நீர்த்தேக்கத்துக்குக் கோட்டையடிக் குளங்கள் சான்று.

ஆங்கிலேயர் ஆட்சியில் வந்த 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், வழக்கப்படி உழைப்புத் தர மறுப்பவர் அதன் மதிப்பைப்போல் இரு மடங்கு கட்ட வேண்டும் என்றது. நிலவரியும் பொதுப்பணித் துறையும் ஊர்ப் பொறுப்பைக் கரைத்ததால் வழக்கம் நலிந்தது என்பது ஒரு சாரார் கருத்து. டேவிட் மோஸ் போன்ற ஆய்வாளர்கள், தன்னாட்சி பெற்ற பழைய ஊர் என்ற சித்திரமே ஓரளவு ஆங்கிலேய நிர்வாகத்தின் ஆக்கம் என ஐயுறுகின்றனர். மண் சுமந்தவர்களில் பலர் நிலமில்லாத ஒடுக்கப்பட்ட சாதியினர் என்பதால், குடிமராமத்தை எந்த அளவுக்குத் தன்னார்வ உழைப்பு என்று கொள்ளலாம் என்பதும் விவாதத்துக்குரியது. மடை திறந்து வயல்வாரியாக நீர் பகிர்ந்த நீர்பாய்ச்சியும் பெரும்பாலும் அச்சாதியினரே. அறுவடையில் அவருக்கு நெல் அளக்கப்பட்டது. எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் பாயும் என்பது அவருக்கு மனப்பாடம். வற்றும் ஏரியின் கடைசி நீரை வழக்கின்றிப் பங்கிட்டவரும் அவரே.

விடுதலைக்குப் பின் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை, 'வயலகம்' என்ற பெயரில் ஏரிப் பாசன உழவர் சங்கங்களை அமைத்தது. தமிழக அரசு 2017இல் குடிமராமத்து என்ற பெயரிலேயே ஒரு திட்டம் தொடங்கியது. செலவில் பத்தில் ஒரு பங்கைப் பாசனதாரர் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்பது அதன் விதியாக இருந்தது. 2018 கஜா புயலுக்குப் பின் பேராவூரணியில் கடைமடைப் பகுதி உழவர் அமைப்பு நன்கொடை திரட்டிப் பெரிய ஏரியைத் தூர்வாரியது.