படம் எடுத்தவரின் அனுமதி, படத்தில் இருப்பவரின் அனுமதி

இணையத்தில படம் ஏற்றும்போது சில தளங்களில் உரிமம் கேட்டு ஒரு சின்னக் கட்டம் வரும். 'எல்லா உரிமைகளும் எனக்கே' எண்டு விடலாம், கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமங்களில் ஒன்றைத் தெரிவு செய்யவும் செய்யலாம். அநேகமாக நாங்கள் அதைப் பார்க்காமலேயே கடந்துபோகிறோம். ஆனால் அந்தக் கட்டத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1998 இல் அமெரிக்கா பதிப்புரிமைக் காலத்தை இன்னும் 20 ஆண்டுகள் நீட்டியது. உரிமைக்காலம் முடிந்த நூல்களை இணையத்தில் இலவசமாக ஏற்றிவந்த எரிக் எல்ட்ரெட் அதை எதிர்த்து வழக்குப் போட்டார். அவருக்காக வாதாடியவர் சட்டப் பேராசிரியர் லோரன்ஸ் லெசிக். 2003 ஜனவரியில், 7க்கு 2 என்ற கணக்கில், உச்ச நீதிமன்றத்தில் தோற்றுப்போனார்கள். ஆனால் தீர்ப்பு வரமுதலே இன்னொரு வழியைத் தொடங்கியிருந்தார்கள். சட்டத்தை மாற்ற முடியாவிட்டால் என்ன, படைத்தவரே தன் உரிமையில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கலாம்தானே? அதற்காக 2001 இல் உருவான கிரியேட்டிவ் கொமன்ஸ், முதல் உரிமங்களை 2002 டிசம்பரில் வெளியிட்டது. 2004 இல் ஃபிளிக்கர் படத்தளம் அவற்றைச் சேர்த்துக்கொண்ட பிறகு, சும்மா பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்களின் கைக்கும் அவை வந்துவிட்டன.

2007 இல்தான் சிக்கல் வெளிச்சத்துக்கு வந்தது. டெக்சாஸ் மாநிலத்துச் சிறுமி ஒருத்தியை, அவளுடைய தேவாலய இளைஞர் குழுவை வழிநடத்தியவர் படம் எடுத்து ஃபிளிக்கரில் போட்டிருந்தார். 'பெயரைக் குறிப்பிட்டால் போதும், வணிகத்துக்கும் பாவிக்கலாம்' என்ற உரிமம். அந்தப் படத்தை வேர்ஜின் மொபைலின் அவுஸ்திரேலிய நிறுவனம் எடுத்து, பேனா நண்பர்களைக் கைவிடச் சொல்லும் கேலி வாசகத்தோடு விளம்பரமாக்கியது. அடிலெய்ட் நகரத்து பஸ் தரிப்பிடத்தில் அவளுடைய முகம்! அவளிடமோ வீட்டாரிடமோ ஒரு சொல் கேட்கவில்லை. குடும்பம் வழக்குப் போட்டது. கிரியேட்டிவ் கொமன்ஸ் மீதும் போட்டார்கள், பிறகு அதை விலக்கிக்கொண்டார்கள். 2009 இல் டெக்சாஸ் நீதிமன்றம், அவுஸ்திரேலிய நிறுவனத்தை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை எண்டு முடித்துவிட்டது. படம் எடுத்தவர் கொடுத்தது தன்னுடைய பதிப்புரிமையைத்தான். அவளுடைய முகத்துக்கான அனுமதி அவரிடம் இருக்கவே இல்லை. எங்களுக்கு இந்த வழக்கில் முக்கியமாகப் படுவது இதுதான்.

2014 இல் ஃபிளிக்கரே வணிகத்துக்கு அனுமதித்த படங்களைச் சுவரில் மாட்டும் அச்சுகளாக விற்கத் தொடங்கியது. எடுத்தவர்களுக்கு ஒரு சதமும் இல்லை. உரிமத்தின்படி பிழை சொல்ல முடியாது. ஆனாலும் எதிர்ப்புக் கிளம்ப, அடுத்த மாதமே நிறுத்திவிட்டார்கள். 2019 இல் ஐபிஎம் நிறுவனம் இதே தளத்துப் படங்களில் இருந்து கிட்டத்தட்ட 10 இலட்சம் முகங்களை, முகம் அறியும் கணினி ஆய்வுக்காகத் திரட்டியது தெரியவந்தது. அங்கேயும் படத்தில் இருந்த ஆட்களைக் கேட்கவில்லை.

இனி எங்கட பக்கம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிவு ஒன்றும் செய்யாமலே நீங்கள் எடுத்த படம் உங்களுடையது. ஆயுட்காலமும் அதன்பிறகு 70 ஆண்டுகளும். இங்கே மலர்களில் வரும் 'நன்றி: இணையம்' என்ற வரிக்குச் சட்டத்தில் எந்தப் பெறுமதியும் கிடையாது. (நன்றியை இணையம் வாங்கிக்கொண்டதோ தெரியாது.)

அப்ப எதைத் தெரிவு செய்யிறது? பயத்தில் பலர் 'வணிகத்துக்குக் கூடாது' என்பதைத் தட்டுகிறார்கள். அதைத் தட்டினால் அந்தப் படத்தை விக்கிப்பீடியாவின் பொதுக் களஞ்சியம் ஏற்காது. எங்கட ஊர்க் குளம், பழைய வாசிகசாலைக் கட்டடம் மாதிரிப் படங்களுக்கு அது தேவையில்லாத கதவடைப்பு எண்டே நினைக்கிறம். அவற்றுக்கு, பெயரைக் குறிப்பிட்டு அதே உரிமத்தில் பகிரச் சொல்லும் உரிமம் போதும். ஒருமுறை கொடுத்தால் திருப்பி எடுக்க ஏலாது எண்டதையும் யோசிச்சுக்கொள்ளுங்கோ. நீங்கள் படத்தை அழித்தாலும், அந்த உரிமத்தோடு ஏற்கனவே எடுத்தவர் தொடர்ந்து பாவிக்கலாம்.

திருவிழாவில் காவடி எடுத்தவரின் முகம் தெரியும் படம் எண்டால், நாங்கள் உரிமக் கட்டத்தைத் தொடமுதல் அவரைத் தேடிப்போய்க் கேட்கிறம். சிலர் ஓம் எண்டினம், சிலர் வேண்டாம் எண்டினம்.