பீலிக்கரைப் பாசியும் ஒரு பேராசிரியரும்

பீலிக்கரையில் கால் வழுக்கினால் நாம் பாசியைத்தான் திட்டுவோம். தேய்த்துக் கழுவிவிட்டால் நமக்கும் அதற்கும் உள்ள உறவு முடிந்துவிடும். ஆனால் அந்தப் பாசியையே தமது வாழ்நாள் ஆய்வாகக் கொண்டவர் சென்னைப் பேராசிரியர் எம்.ஓ.பி. ஐயங்கார். இந்திய அல்காவியலின் தந்தை எனப் போற்றப்படும் அவருடைய வரலாற்றில் இலங்கைக்கும் ஒரு தொடர்பு உண்டு.

அல்கா என்பது பாசி இனங்களுக்கு விஞ்ஞானத்தில் வழங்கும் பெயர். குளத்தில் பச்சை நூலாக மிதப்பதும் அல்காதான். ஓடைக் கற்களில் கபில நிறத்தில் வழவழவென்று படிவதில் பெரும்பாலும் தயற்றங்கள் இருக்கும். தயற்றம் என்பது ஒரே கலத்தாலான அல்கா. பெட்டியும் மூடியும் போல ஒன்றோடொன்று பொருந்தும் சிலிக்கா ஓடு அதற்கு உண்டு. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் அந்த ஓட்டின் கோடுகளும் புள்ளிகளும் கோலம் போட்டதுபோலத் தெரியும்.

1903ஆம் ஆண்டில் எஃப்.ஈ. ஃபிரிட்ச் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் இலங்கைக்கு வந்து நன்னீரிலும் ஈரமான இடங்களிலும் வளரும் அல்காக்களைச் சேகரித்தார். 1907இல் அவற்றைப் பற்றிய கட்டுரைகளை வெளியிட்டார். வெப்ப நாடுகளில் நீலப்பச்சை அல்காக்கள் மிகுந்திருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். பிற்காலத்தில் அல்காவியலில் உலகமே மதிக்கும் ஆசிரியரானார்.

ஐயங்கார் 1886இல் சென்னையில் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் 1909இல் எம்.ஏ. பட்டம் பெற்று, அருங்காட்சியகத்தில் பணிபுரிந்து, பின் ஆசிரியரானார். பல ஆண்டுகள் கற்பித்து, நாற்பது வயதையும் தாண்டிய பிறகு, 1930இல் லண்டன் சென்று ஃபிரிட்ச் அவர்களிடம் மாணவராகச் சேர்ந்தார். பேராசிரியராக இருந்தவர் மறுபடியும் மாணவராவதற்குத் தயங்கவில்லை.

1932இல் அவர் ஒரு புதிய அல்காவை உலகுக்கு அறிவித்தார். அது நீரில் மிதக்காமல் ஈரச் சேற்றில் வளர்வது. ஒரு பகுதி மண்ணுக்குள் படர, இன்னொரு பகுதி மேலே நிமிர்ந்து நிற்கும். நீரில் வாழ்ந்த தாவரங்கள் எவ்வாறு நிலத்துக்கு ஏறியிருக்கலாம் என்பதை விளக்க இன்றும் அதை உதாரணம் காட்டுவார்கள். தம் ஆசிரியரின் நினைவாக அதற்கு ஃபிரிட்சியெல்லா என்று பெயரிட்டார் ஐயங்கார்.

அவரிடம் பயின்றவர்களும் இத்துறையை வளர்த்தார்கள். ஆர். சுப்பிரமணியன் 1946இல் சென்னைக் கடலோரத் தயற்றங்களை விரிவாக விவரித்தார். டி.வி. தேசிகாச்சாரி நீலப்பச்சை அல்காக்கள் பற்றிய பெருநூலை 1959இல் தந்தார். ஐயங்கார் 1963இல் மறைந்தார். குருவும் சீடரும் சேர்ந்து எழுதிய 'வால்வோகேல்ஸ்' நூல் 1981இல்தான் வெளிவந்தது. ஆசிரியர் மறைந்து 18 ஆண்டுகள் கடந்த பின்னும் அந்தப் பணி கைவிடப்படவில்லை.

இதே துறையில் அமெரிக்கப் பெண்மணி ஒருவரையும் நாம் அறிந்திருக்க வேண்டும். 1907இல் பிறந்த ரூத் பாட்ரிக், பிலடெல்பியா இயற்கை விஞ்ஞானக் கழகத்தில் 1945 வரை பல ஆண்டுகள் சம்பளமின்றியே தயற்றங்களை ஆராய்ந்தார். ஓர் ஆற்றில் எந்தெந்தத் தயற்றங்கள் வாழ்கின்றன என்பதைக் கொண்டே அந்த நீர் எவ்வளவு மாசடைந்துள்ளது என்று அறியலாம் எனக் காட்டினார். 1948இல் பென்சில்வேனியாவின் கொனெஸ்டோகா ஆற்றில் அவர் தலைமையில் நடந்த ஆய்வு இதற்கு வழிகாட்டியது. 1996இல் அவருக்கு அமெரிக்காவின் தேசிய விஞ்ஞானப் பதக்கம் கிடைத்தது.

இது நமக்கு அந்நியமான செய்தியன்று. அப்புத்தளை, பெரகல மலைத்தொடரின் ஒரு பக்கத்து நீர் மகாவலிக்குப் போகிறது. மறுபக்கத்து நீர் வளவை கங்கைக்கும் கிரிந்தி ஓயாவுக்கும் இறங்குகிறது. தேயிலை மலைகளில் இடும் உரமும் களைநாசினியும் மழையோடு கான் வழியே ஓடைகளில் கலக்கின்றன. அந்த நீரைத்தான் லயத்து மக்கள் குடிக்கிறார்கள். அது எப்படி இருக்கிறது என்று சொல்லும் சாட்சி, நாம் தேய்த்துக் கழுவும் பாசியிலேயே இருக்கிறது.

அதை வாசிக்க விஞ்ஞானம் கற்ற பிள்ளைகள் வேண்டும். மலையகத் தமிழ்ப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை இன்றும் குறைவு. நூற்றாண்டு காணும் நம் பாடசாலையின் பழைய மாணவிகள், வருங்கால மாணவிகளுக்கு ஒரு நல்ல நுணுக்குக்காட்டியும் அதைக் கையாளக் கற்றுத்தரும் ஓர் ஆசிரியரும் கிடைக்க உதவுவோமானால், ஊவாவின் ஓடைகளைப் பற்றி ஊவாவின் பெண்களே எழுதும் நாள் வரும்.