யாருடைய சாவு திரையில் ஓடுகிறது?

2016 மார்ச் 13. உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் சங்கரும் கௌசல்யாவும் வெட்டப்பட்டார்கள். சங்கர் தலித் இளைஞர், பொறியியல் மாணவர், வயது 22. சாதியை மீறி இருவரும் மணந்துகொண்டு எட்டு மாதங்களே ஆகியிருந்தன. சங்கர் இறந்தார். தலையில் வெட்டுக்காயங்களோடு கௌசல்யா பிழைத்தார்.

அங்கிருந்த சிசிடிவியில் எல்லாம் பதிவானது. அந்தக் காட்சி செய்தித் தொலைக்காட்சிகளில் திரும்பத் திரும்ப ஓடியது, வாட்ஸ்அப்பில் கைமாறியது. நாமும் பார்த்தோம். முதல் முறை பதறினோம். அடுத்த முறை எங்கே வெட்டுகிறார்கள் என்று கவனித்தோம். அதற்கடுத்த முறை பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டினோம். இந்த ஈர்ப்பைப் பற்றி நாம் பேசித்தான் ஆகவேண்டும்.

தொலைக்காட்சி சாவைக் காட்டத் தொடங்கிய வரலாறு இதற்கு உதவும். 1963 நவம்பர் 22 அன்று அமெரிக்க அதிபர் கென்னடி டல்லாஸ் நகரில் சுடப்பட்டார். ஆபிரகாம் சப்ருடர் என்ற ஆடை உற்பத்தியாளர் அதைத் தன் கேமராவில் பிடித்திருந்தார். அந்தப் படச்சுருளை வாங்கிய லைஃப் இதழ், தலையில் குண்டு பாயும் சட்டகத்தை அப்போது அச்சிடவில்லை. அது வெளிவரக் கூடாது என்பது சப்ருடரின் விருப்பம். அந்தப் படம் நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் ஓடியது 1975 மார்ச்சில்தான்.

கென்னடி இறந்த இரண்டாம் நாள், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஆஸ்வால்டை ஜாக் ரூபி சுட்டார். என்பிசி அதை நேரலையில் காட்டிக்கொண்டிருந்தது. நேரலையை யாராலும் தடுத்திருக்க முடியாது. ஆனால் மறுபடி மறுபடி ஓட்டியது ஒரு முடிவு. அதிபரின் சாவுக்குப் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் திரை போட்டார்கள், குற்றவாளி எனப்பட்டவனின் சாவுக்கு அப்படி எந்தத் திரையும் இல்லை. சாவைக் காட்டுவதிலும் மேல் கீழ் உண்டு.

சங்கரின் சாவில் இன்னொன்றும் சேர்கிறது. சாதிக் கொலை ஒளிந்து மட்டும் நடப்பதில்லை, ஊர் பார்க்கவும் நடக்கிறது. காதலிக்கும் ஒவ்வொரு இளைஞனுக்கும் இளைஞிக்கும் அது விடுக்கப்படும் மிரட்டல். பேருந்து நிலையத்தில் நின்றவர்கள் சிலர்தான். மிச்சப் பேருக்கு அந்த மிரட்டலைக் கொண்டுபோய்ச் சேர்த்தது திரை. அந்தக் காட்சியில் சங்கர் படித்த படிப்பு இல்லை, அவர்கள் வாழ்ந்த எட்டு மாதங்கள் இல்லை. அரிவாளின் வேகம் மட்டுமே இருக்கிறது.

அப்படியானால் பதிவே வேண்டாமா? வேண்டும், ஆனால் அதற்குரிய இடத்தில். 2015 ஜூன் 23 அன்று கோகுல்ராஜ் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குப் போனார். மறுநாள் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். கோயில் கேமராவில் ஒரு துளி ரத்தமும் இல்லை, அவர் அங்கே இருந்தது தெரிந்தது. அவரோடு கோயிலுக்குப் போன முக்கிய சாட்சியே பிறழ்ந்த வழக்கு அது. அப்போதும் அந்தப் பதிவு நீதிமன்றத்தில் நின்றது. 2022 மார்ச்சில் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. சாவே இல்லாத காட்சி நீதிக்குப் பயன்பட்டது.

உடுமலை வழக்கிலும் பதிவு மட்டும் போதவில்லை, கௌசல்யா கூண்டேறிச் சொன்னார். 2017 டிசம்பரில் அவருடைய தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்கு விதிக்கப்பட்டது. 2020 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்தது, மற்ற ஐவரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. கொலைக் காட்சியைப் பார்த்த கண்களில் எத்தனை அந்தத் தீர்ப்பைத் தேடிப் படித்தன?

தோழர்களே, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பு தரும் பிரிவு அது. இந்தச் சட்டத்தின்கீழ் வரும் வழக்கு நடவடிக்கைகள் அனைத்தையும் வீடியோவில் பதிய வேண்டும் என்றும் அது சொல்கிறது. நாம் கேட்க வேண்டிய கேமரா இதுதான். அடுத்த முறை ஒரு கொலைக் காட்சி கைப்பேசிக்கு வந்தால் அனுப்பாமல் நிறுத்துவோம். அதை எடுத்தவர் மூலப்பதிவை அழிக்காமல் விசாரணைக்குக் கொடுக்கத் துணைநிற்போம். வழக்கு நாளில் சாட்சியோடு நீதிமன்றத்துக்குப் போவோம். அங்கே கேமரா ஓடுகிறதா என்று கேட்போம்.