வெப்பக்குடுவையில் வந்த கருமுட்டைகள்

இந்தியாவில் கால்நடைகளுக்கான ஆய்வகக் கருவூட்டலின் வரலாற்றை எழுதுவோர், 1990இல் கர்னாலில் பிறந்த ‘பிரதம்’ என்னும் கன்றிலிருந்து தொடங்குவது வழக்கம். ஆய்வகக் கருவூட்டல் வழியே உலகில் பிறந்த முதல் எருமைக்கன்று அது; தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் பெருமை. ஆனால் அது ஏன் பசுங்கன்றாக இல்லாமல் எருமைக்கன்றாக இருந்தது என்ற கேள்வி அரிதாகவே எழுப்பப்படுகிறது.

நாட்டின் பால் உற்பத்தியில் எருமைக்குள்ள பெரும்பங்கு ஒரு காரணம். சட்டம் மற்றொன்று. ஆய்வகத்துக்கு முதலில் தேவைப்படுவது கருமுட்டை. அதை மலிவாகவும் மிகுதியாகவும் தரும் இடம் இறைச்சிக்கூடம். 1955ஆம் ஆண்டின் பஞ்சாப் பசுவதைத் தடைச் சட்டம் ஹரியாணாவுக்கும் பொருந்தியது. எருமை அதன் வரம்புக்குள் வரவில்லை. எனவே டெல்லியில் அறுக்கப்பட்ட எருமைகளின் சினையகங்கள், வெதுவெதுப்பான உப்புநீர் நிரப்பிய குடுவைகளில் கர்னால் ஆய்வகத்துக்குப் பயணம் செய்தன.

இவ்வாறு வந்த கருமுட்டைகளில் எதை ஏற்பது, எதை விலக்குவது? 1981இல் அமெரிக்காவில் ஆய்வகக் கருவூட்டலால் முதல் கன்று பிறந்தபோது இச்சிக்கல் பெரிதாக எழவில்லை. அக்கருமுட்டை பசுவின் உடலுக்குள்ளேயே முதிர்ந்தது. இறைச்சிக்கூடச் சினையகத்திலோ வளர்ந்ததும் வளராததும் அழிந்துகொண்டிருப்பதும் கலந்தே கிடக்கும். 1979இல் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லீப்ஃபிரீடும் ஃபர்ஸ்ட்டும் பசுவின் கருமுட்டைகளை அவற்றின் தோற்றத்தால் வகைப்படுத்தினர். சுற்றியுள்ள குமுலஸ் செல்களின் அடுக்குகள் நெருங்கி அமைந்திருக்கின்றனவா, உள்ளிருக்கும் சைட்டோபிளாசம் ஒரே சீராக உள்ளதா என்பவையே பின்னர் எங்கும் பரவிய அளவுகோல்கள். உறையிழந்த கருமுட்டை பெரும்பாலும் விலக்கப்பட்டது. எல்லாம் நுண்ணோக்கியின் முன் அமர்ந்தவருடைய கண்ணின் தீர்ப்பு.

எருமையிடம் இத்தீர்ப்பைக் கறாராக வழங்குவது கடினம். பசுவின் சினையகங்களில் தொடக்கநிலை நுண்ணறைகள் இலட்சத்துக்கும் மேல் இருக்க, எருமையில் அவை பத்து முதல் இருபதாயிரம் வரையே. ஒரு சினையகத்துக்குச் சராசரியாக ஒரு நல்ல கருமுட்டைகூடத் தேறாத நிலையில், இரண்டாந்தரத்தையும் ஏற்கும் நெருக்கடி ஆய்வகங்களுக்கு உண்டு. ஒருவர் ‘நல்லது’ என்றதை மற்றவர் ‘சுமார்’ என்று குறித்திருக்கலாம். வெவ்வேறு ஆய்வகங்களின் வெற்றி விழுக்காடுகளை அருகருகே வைத்து ஒப்பிடும் ஆய்வேடுகள் இதைப் போதிய அளவு கருதுவதில்லை.

கண்ணுக்குத் துணையாக 1990களில் ஒரு சாயம் வந்தது: பிரில்லியன்ட் கிரெசில் புளூ. வளரும் கருமுட்டையில் ஜி6பிடி என்னும் நொதி சுறுசுறுப்பாக இயங்கி நீல நிறத்தை நீக்கிவிடும்; வளர்ச்சி முடிந்ததில் அந்நொதியின் வேகம் தணிந்து நீலம் தங்கிவிடும். நீலமாக நிற்பதே தகுதியானது. முதலில் பன்றியிலும், பின்னர் வெள்ளாடு, பசு, எருமை ஆகியவற்றிலும் இது சோதிக்கப்பட்டது.

எனினும் எச்சாயமும் சொல்லாத ஒன்று உண்டு: தாயின் வமிசம். இறைச்சிக்கூடத்துக்கு வருவது பெரும்பாலும் பால் வற்றியதோ சினை பிடிக்காததோதான். அதன் கறவைப் பதிவு எவரிடமும் இராது. 1988இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், அல்ட்ராசவுண்ட் துணையுடன் யோனி வழியே ஊசி செலுத்தி உயிருள்ள பசுவிடமிருந்து கருமுட்டை எடுக்கும் முறையை வெளியிட்டனர். பதிவேடுள்ள உயர்குடிப் பசு ஆய்வகத்துக்குள் வர, அது சாக வேண்டியதில்லை என்றாயிற்று. இம்முறையில் பெரும்பயன் கண்ட நாடு பிரேசில். அங்குள்ள நெலோர் இனம் ஆந்திரத்து ஓங்கோல் மாடுகளின் வழிவந்தது. ஒரே அமர்வில் மிகுதியான கருமுட்டைகளைத் தரவல்லது. ஓங்கோல் பிறந்த நாட்டிலோ, 2014இல் தொடங்கிய ராஷ்டிரிய கோகுல் திட்டத்துக்குப் பிறகே கிர், சாகிவால் பசுக்களிடம் இம்முறை பரவலாகக் கொண்டுசெல்லப்பட்டது.

இப்போது தெரிவு பசுவிலேயே தொடங்கிவிடுகிறது: கறவைப் பதிவு, திரையில் தென்படும் நுண்ணறைகளின் எண்ணிக்கை. ஆயினும் ஊசி உறிஞ்சிய நீர்மம் தட்டில் ஊற்றப்பட்டதும், நுண்ணோக்கியின் கீழ் ஒருவர் இன்னமும் குமுலஸ் அடுக்குகளைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்.