எலும்பு உரமான கதை



நிலக்கடலை விதைப்புச் சமயத்தில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு பெரியவர் சூப்பர் பாஸ்பேட் மூட்டையைப் பிரித்துக் களத்தில் கொட்டி, அதோடு அடுப்புச் சாம்பலைப் போட்டு மண்வெட்டியால் கலந்துகொண்டிருந்தார். "என்னங்க ஐயா இது?" என்று கேட்டேன். "சூப்பரும் சத்து, சாம்பலும் சத்து. ரெண்டையும் ஒரே நடையிலே தூவிட்டா ஒரு ஆள் கூலி மிச்சம் தம்பி" என்றார்.

இரண்டும் சத்துதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு ஆள் கூலியை மிச்சம் பிடிக்கப் போய், மூட்டைக்குக் கொடுத்த காசை அவர் பாழாக்கிக்கொண்டிருந்தார். தவறு அவருடையது மட்டும் அல்ல. முந்தின வருஷம் அதே ஊரில் கூட்டம் போட்டு "சூப்பர் போடுங்கள்" என்று சொன்னவன் நான். எதோடு கலக்கக் கூடாது என்று சொல்லாமல் விட்டவனும் நான்தான். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இன்றைக்கு இந்தப் பேச்சு.

முதலில் உங்கள் வீட்டுச் சமையலறைக்குப் போவோம். புளி, எலுமிச்சம்பழம், புளித்த மோர், இவை எல்லாம் புளிப்பு. இந்தக் குணத்தைத்தான் அமிலம் என்கிறோம். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும், அடுப்புச் சாம்பலும், சலவைக்கு எடுக்கும் உவர்மண்ணும் இதற்கு எதிரி. இவற்றின் குணத்துக்குக் காரம் என்று பெயர். மிளகாய்க் காரம் வேறு, இது வேறு.

ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறது அல்லவா? அதிலே எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பாருங்கள், மறுபடியும் மஞ்சளாகிவிடும். அமிலம் காரத்தை அடக்கிவிட்டது என்று அர்த்தம். இப்படி அமிலமும் காரமும் சேர்ந்து ஒன்றை ஒன்று தணித்துக்கொள்ளும்போது பிறக்கும் பொருளுக்கு உப்பு என்று பெயர். சோற்றில் போடுவது மட்டும் உப்பு அல்ல. மயில்துத்தமும் ஓர் உப்பு, அமோனியம் சல்பேட்டும் ஓர் உப்பு. எலும்பில் இருக்கும் மணிச்சத்தும் சுண்ணாம்போடு சேர்ந்த ஓர் உப்புதான். ஆனால் அது தண்ணீரில் கரையாத உப்பு. கரையாததை வேர் எப்படிக் குடிக்கும்?

இந்தக் கேள்விதான் இங்கிலாந்தில் ஜான் லாஸ் என்ற பண்ணைக்காரருக்கும் வந்தது. இவர் 1814-ல் பிறந்தவர். ரோதம்ஸ்டட் என்ற இடத்தில் இவருடைய பண்ணை இருந்தது. அந்தக் காலத்தில் அங்கே எலும்பை நொறுக்கி வயலில் போடுவது வழக்கம். சில ஊர்களில் நல்ல பலன் கிடைத்தது. லாஸின் நிலத்திலோ போட்டது போட்டபடியே கிடந்தது. அவர் எலும்பின்மேல் கந்தக அமிலத்தை ஊற்றிப் பார்த்தார். 1746-ல் ஈயத் தகடு பதித்த அறைகளில் அந்த அமிலத்தைத் தயாரிக்கும் முறை வந்திருந்ததால், அது மலிவாகவே கிடைத்தது.

என்ன நடந்தது என்றால், அமிலம் எலும்பிலிருந்த சுண்ணாம்பில் பெரும்பங்கைப் பிடுங்கிக்கொண்டு ஜிப்சமாக மாறியது. சுண்ணாம்பு குறைந்த மணிச்சத்து தண்ணீரில் கரையும் உப்பாகிவிட்டது. 1842-ல் லாஸ் இதற்குக் காப்புரிமை பெற்றார். மறுவருஷம் லண்டன் பக்கத்தில் டெப்ட்போர்டில் தொழிற்சாலை வைத்தார். அதே 1843-ல் தம் பண்ணையில் கோதுமைப் பரிசோதனை வயலையும் தொடங்கினார். அந்தப் பரிசோதனை இன்றுவரை தொடர்ந்து நடந்து வருகிறது.

இதே காலத்தில் ஜெர்மனியில் லீபிக் என்ற பெரிய விஞ்ஞானி இருந்தார். எலும்பை அமிலத்தில் கரைக்கலாம் என்று 1840-லேயே எழுதியவர் அவர். அப்படிப்பட்டவரே பிறகு சறுக்கினார். கரையும் உரத்தை மழை அடித்துக்கொண்டு போய்விடும் என்று பயந்து, 1845-ல் சத்துக்களைச் சுண்ணாம்போடு சேர்த்து உருக்கி, சுலபத்தில் கரையாத உரமாகச் செய்து விற்றார். விவசாயிகள் காசு கொடுத்து வாங்கிப் போட்டார்கள். பயிர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மண் பல சத்துக்களைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது பிறகுதான் தெரிந்தது.

நம் நாட்டிலும் சூப்பர் பாஸ்பேட் தயாரிப்பு 1906-ல் தமிழ்நாட்டு ராணிப்பேட்டையில்தான் தொடங்கியது. இப்போது எலும்புக்குப் பதில் பாறைப் பாஸ்பேட்டை அரைத்து அமிலம் சேர்க்கிறார்கள்.

இப்போது பெரியவர் செய்ததை யோசித்துப் பாருங்கள். தொழிற்சாலையில் அமிலம் ஊற்றிப் பிரித்தெடுத்த சுண்ணாம்பை, சாம்பல் மூலமாக அவர் திரும்பவும் சேர்த்துக்கொண்டிருந்தார். கரையும் உப்பு பழையபடி கரையாத உப்பாகும். அதாவது, உரத்தை மறுபடி எலும்பாக்கும் வேலை. லீபிக் செய்த அதே தவறு!

ஆகவே சில விஷயங்களை மனசில் வையுங்கள். சூப்பரோடு சாம்பலோ சுண்ணாம்போ கலக்கவே வேண்டாம். சாம்பலை முன்னதாகவே போட்டு உழுதுவிட்டு, சில நாள் கழித்துச் சூப்பர் போடுங்கள். அமோனியம் சல்பேட்டோடும் இவற்றைக் கலக்காதீர்கள். கலந்தால் மூக்கில் நெடி ஏறும். அந்த நெடி வேறொன்றும் இல்லை, உங்கள் தழைச்சத்து காற்றில் போகிறது.

மணிச்சத்து மண்ணில் அதிகம் நகராது. அதனால் மேலாகத் தூவாமல், அடியுரமாக வேர் போகும் ஆழத்தில் போடுவதே நல்லது. 50 கிலோ சூப்பர் மூட்டையில் 8 கிலோ மணிச்சத்து உண்டு. அதோடு ஜிப்சம் வழியாகச் சுண்ணாம்புச்சத்தும் கந்தகமும் சேர்ந்தே வருகின்றன. நிலக்கடலைக்கு இவை இரண்டும் மிகவும் வேண்டியவை. ஒன்று மட்டும் எச்சரிக்கை: கந்தக அமிலம் கையைப் பொசுக்கிவிடும். எலும்பு கிடைக்கிறதே என்று வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

பெரியவர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். கலந்த குவியலைப் பார்த்தார், பிரிக்காமல் இருந்த அடுத்த மூட்டையைப் பார்த்தார். "இதையாவது காப்பாத்திட்டேன்" என்று சொல்லி, சாம்பல் கூடையைத் தூக்கித் தள்ளி வைத்தார். நீங்களும் உங்கள் மூட்டையைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.