லாரி இல்லை, ட்ரக்: நம்ம நரேன் இடது பக்கமே திரும்பிய கதை

ரொம்ப நாள் கழித்து ஒரு பதிவு. ஆண்டுக் கணக்கு முடிக்கும் வேலையில் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியவில்லை.

நான் இருப்பது மைசூர் மண்டி மொஹல்லாவில். காலையில் எழுப்புவது கோயில் மணி அல்ல, லாரி ஹாரன். குறுகலான சந்தில் மூட்டை லாரி பின்னால் வரும்போது கிளீனர் பாடியைத் தட்டி "பர்லி, பர்லி" என்று குரல் கொடுப்பான். டிரைவருக்குப் பின்னால் ஒன்றும் தெரியாது. அந்தக் குரலை நம்பித்தான் ஓட்டுகிறார்.

போன ஞாயிறு அதைப் பார்த்துக்கொண்டே பையனிடம், "நம்ம கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன்கூட அமெரிக்காவில் ட்ரக் ஓட்டினார், தெரியுமா?" என்றேன். பையன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். சிரித்தான். "ஆறு கார் ஓடின ரேஸ்ல நாலாவது வந்தவர்தானேப்பா?"

சுருக்கென்றது. இந்தப் பதிவு அவனுக்கான பதில்.

முதலில் அந்த ஆறு கார் கதை. 2005 ஜூன் 19, இண்டியானாபோலிஸ், ஃபார்முலா ஒன். அந்த மைதானம் அடிப்படையில் நீள்வட்டப் பாதை. ஃபார்முலா ஒன்னுக்காக உள்ளே வளைவுகள் போட்டு, கடைசி வளைவுக்கு மட்டும் பழைய சரிவான வளைவையே வைத்துக்கொண்டார்கள். அந்தச் சரிவில் வேகமாகப் போகும்போது வரும் பாரத்தை மிஷெலின் டயர்கள் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை பயிற்சியிலேயே ரால்ஃப் ஷூமாக்கர் அங்கே சுவரில் மோதினார். ஞாயிறன்று மிஷெலின் போட்ட 14 கார்களும் ஒரு சுற்று வந்து உள்ளே போய்விட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு மட்டும் ஓடின. ஜோர்டான் காரில் நரேன் நாலாவது. ஐந்து புள்ளி. ஃபார்முலா ஒன்னில் இந்திய ஓட்டுநர் ஒருவர் வாங்கிய புள்ளிகள் இன்றுவரை அவ்வளவுதான்.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. கோவையில் ராத்திரி கண் விழித்துப் பார்த்தேன். சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா என்றே தெரியவில்லை.

அந்த நீள்வட்டம் ஐந்து வருஷம் கழித்து அவரை மறுபடி கூப்பிட்டது. 2010 மார்ச், வர்ஜீனியா மாநிலத்தில் மார்ட்டின்ஸ்வில். நாஸ்கார் அமைப்பின் ட்ரக் பந்தயம். ட்ரக் என்றதும் நம்ம மண்டி லாரியை நினைக்காதீர்கள் :-) பிக்கப் வண்டி மாதிரி வெளித்தோற்றம், உள்ளே முழுக்கப் பந்தய வண்டி. 1995-இல் தொடங்கிய தொடர் அது. நாஸ்காரில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன்தான்.

"இடது பக்கமே திரும்பணும், அதில் என்ன கஷ்டம்?" என்று கேட்காதவர்கள் இல்லை. மார்ட்டின்ஸ்வில் ஒரு சுற்று அரை மைலுக்குக் கொஞ்சம் மேல். பேப்பர் கிளிப் வடிவம். நேர்ப்பாதையில் தார், வளைவில் கான்கிரீட், சரிவோ வெறும் 12 டிகிரி. சுற்றுக்கு இரண்டு தடவை பிரேக்கை அமுக்க வேண்டும், இப்படி 250 சுற்று. முன்னால், பின்னால், பக்கத்தில் எல்லாம் வண்டி. உரசல் சர்வ சாதாரணம். ஹெல்மெட்டும் இருக்கையும் தலையைப் பிடித்திருப்பதால் பக்கவாட்டில் பார்க்க முடியாது. உயரத்தில் நிற்கும் ஸ்பாட்டர் ரேடியோவில் "உள்பக்கம் ஆள் இருக்கு, இப்போ போ" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நம்ம கிளீனரின் "பர்லி" தான்!

அந்த முதல் பந்தயத்தில் நரேன் 13-ஆவது.

அந்த வருஷ சீசன் நவம்பரில் மயாமி அருகே ஹோம்ஸ்டெட் ஒன்றரை மைல் நீள்வட்டத்தில் முடிந்தது. சாம்பியன் டாட் போடைன். நரேன் முழு சீசனும் ஓடவில்லை, ஒரு வெற்றியும் இல்லை. ஆனால் ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் 'மிகப் பிரபலமான ஓட்டுநர்' விருது அவருக்கு! அமெரிக்கர்களின் அந்தக் கோட்டையில் கோயமுத்தூர்க்காரர். நானும் ஒரு ஓட்டு போட்டேன். மைசூருக்கு மாற்றலாகி வந்து, பாஷை தெரியாமல் கவுன்ட்டரில் முழித்துக்கொண்டிருந்த காலம் அது.

ஃபார்முலா ஒன் வரை போனவர், 33 வயதில், யாரென்றே தெரியாத ஊரில், பழக்கமில்லாத வண்டியில், பின்வரிசையிலிருந்து மறுபடி கற்றுக்கொண்டார். 2011-இல் ஃபார்முலா ஒன்னுக்குத் திரும்பி, அக்டோபரில் நொய்டா பக்கம் நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரிக்ஸிலும் ஓட்டினார். வெளியூரில் பிழைக்கும் நமக்கு இந்தக் கதை புரியும். ஊரில் பெரிய ஆளாக இருந்திருப்போம். வந்த இடத்தில் முதல் நாள் நாமும் புதுசுதான்.

பையனிடம் இதைத்தான் சொன்னேன். "ஆறு கார் ஓடின அன்னிக்கு நாலாவது வந்தது அதிர்ஷ்டம்னே வச்சுக்கோ. வங்கிக்காரன் ஒரு நாள் வரவை மட்டும் பார்த்துக் கடன் கொடுக்க மாட்டான், பல வருஷக் கணக்கைப் பார்ப்பான். அவர் கணக்கைப் பாரு."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம், "அந்த மார்ட்டின்ஸ்வில் ரேஸ் வீடியோ இருக்காப்பா?" என்றான்.

தேடிக்கொண்டிருக்கிறோம். உங்களில் யாராவது அமெரிக்காவில் நீள்வட்டப் பந்தயம் நேரில் பார்த்திருந்தால் எழுதுங்களேன். காது கிழியும் என்கிறார்களே, மண்டி மொஹல்லாவை விடவா?