பெரியமேட்டுப் பழைய ஸ்டேடியம்



"சார், மன்கட்டும் பங்கஜ் ராயும் 413 ரன் அடிச்சது சேப்பாக்கத்துலதானே?" என்று பழைய மாணவன் ஒருவன் கேட்டிருந்தான். இல்லையப்பா. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக அவர்கள் அந்தச் சாதனையைச் செய்தது பெரியமேட்டில், மூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில். முதல் விக்கெட்டுக்கு 52 வருஷம் யாராலும் தாண்ட முடியாத உலக சாதனை அது. 1965 வரை அங்கே ஒன்பது டெஸ்ட் நடந்தது. அப்புறம் கிரிக்கெட் சேப்பாக்கத்துக்கே திரும்பிவிட்டது.

விருந்தாளி கிளம்பிய பிறகு வீடு வீட்டுக்காரருக்குத்தானே? நேரு ஸ்டேடியம் என்று பெயர் மாறிய அந்த இடத்தின் வீட்டுக்காரர் கால்பந்துதான். மயிலாப்பூரிலிருந்து பஸ் பிடித்து, சென்ட்ரலில் இறங்கி, மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் புரட்டிவிட்டு லீக் மேட்ச் பார்க்கப் போவோம். ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி என்று ஆபீஸ் அணிகள் மோதும். வடசென்னைப் பையன்களுக்கு அது வெறும் விளையாட்டில்லை. நன்றாக ஆடினால் ரயில்வேயிலோ வங்கியிலோ வேலை. ஒரு குடும்பமே நிமிர்ந்துவிடும். கிரிக்கெட்டை மட்டும் நினைவு வைத்திருப்பவர்களிடம் எனக்குள்ள சண்டை இதுதான்.

1993 ஜனவரியில் நேரு கோப்பைப் போட்டி சென்னைக்கு வந்தது. அதற்காகப் பழைய ஸ்டேடியத்தை இடித்துவிட்டு இப்போதுள்ள பெரிய அரங்கத்தை ஒரு வருஷத்துக்குள் கட்டி முடித்தார்கள். கால்பந்துக்காக இடித்துக் கால்பந்துக்கே கட்டினார்கள் என்பதால் முழுக்கக் குறை சொல்லவும் மனசில்லை. ஆனால் சுற்றி ஓட்டப்பந்தயத் தடம் வந்ததும் கேலரிக்கும் பந்துக்கும் தூரம் கூடிவிட்டது. கோல்கீப்பர் திட்டுவது காதில் விழுந்தால்தானே ஆட்டம்!

அந்தப் பழைய ஸ்டேடியமும் காலி நிலத்தில் முளைத்ததல்ல. கவர்னர் டிரெவெல்யன் காலத்தில், 1859-60 வாக்கில், ஜனங்கள் காற்று வாங்க அமைத்த பீப்பிள்ஸ் பார்க்கின் ஒரு துண்டு அது. மொத்தம் 116 ஏக்கர். விக்டோரியா ஹால், மூர் மார்க்கெட், ரிப்பன் கட்டடம் என்று ஒவ்வொன்றும் ஒரு வாய் கடித்துக்கொண்டது. மிருகக்காட்சி சாலை 1985-ல் வண்டலூருக்குப் போனது. அதே வருஷம் மூர் மார்க்கெட் எரிந்தது. அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் வந்தது.

பார்க்கில் மிச்சம் மை லேடீஸ் பூங்கா. ஸ்டேடியத்தை ஒட்டியேதான் இருக்கிறது. அடுத்த முறை மேட்ச் பார்க்கப் போனால் பிள்ளைகளை அங்கேயும் ஒரு சுற்று கூட்டிக்கொண்டு போங்கள்.